பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் ஜீவனாம்சம்: எது நிற்கும், எது தொடரும், என்ன செய்ய வேண்டும்

கணவன் மனைவி பிரிந்து, பிள்ளை தாயிடம் வளர, தந்தை நீதிமன்ற உத்தரவின்படி மாதந்தோறும் பணம் கட்டிவரும் குடும்பங்களில், பிள்ளையின் 18ஆவது பிறந்தநாள் நெருங்கும்போது இரு வீட்டிலும் ஒரே பேச்சுதான் நடக்கிறது. ‘மேஜர் ஆகிவிட்டால் இனிக் கட்ட வேண்டியதில்லை’ என்று தந்தைக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். ‘படிப்பு முடியும்வரை கட்டியே ஆக வேண்டும்’ என்று தாய்க்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. பிள்ளை மகனா மகளா, உத்தரவு எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது, அதில் எழுதியிருக்கும் சொற்கள் என்ன, பிள்ளைக்கு உழைத்துப் பிழைக்க முடியாத உடற்குறையோ மனக்குறையோ உண்டா என்னும் நான்கையும் பார்த்த பிறகே விடை சொல்ல முடியும். அந்த நான்கையும் நீங்களே எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் எந்த நீதிமன்றத்தில் எந்த மனுவைப் போடுவது என்பதைத் தமிழ்நாட்டின் நீதிமன்ற நடைமுறையை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. இந்திய வயதுவந்தோர் சட்டம், 1875 இன்படி ஒருவர் பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்துக்கொண்டு, 18ஆவது பிறந்தநாள் தொடங்கும்போதே அவர் மேஜர் ஆகிறார். 2007 செப்டம்பர் 10 அன்று பிறந்தவர் 2025 செப்டம்பர் 10 தொடங்கியவுடனே மேஜர். அந்தத் தேதி முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்த பிள்ளைகளுக்கு 21 என்று முன்பு இருந்த விதி 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. ஆகவே 21 என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் வெவ்வேறு தேதிகள் இருக்குமானால், அந்தச் சிக்கலைப் பிறந்தநாளுக்கு முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுவது நல்லது. கடைசி வாய்தாவில் எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டினால் பல மாதங்கள் வீணாகும்.

உத்தரவைக் கையில் எடுத்து வாசியுங்கள்

பலரிடம் உத்தரவின் நகல் இருப்பதே இல்லை. ‘மாதம் 8,000 கட்டச் சொன்னார்கள்’ என்பது மட்டும்தான் நினைவில் இருக்கும். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) தெரிந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். பல வழக்குகளில் உத்தரவையே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். ஆனால் மனுவோடு இணைக்கச் சான்றிட்ட நகல்தான் வேண்டும்; அதற்குத் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றத்தின் நகல் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கட்டுகள் ஆவண அறைக்குப் போயிருக்கலாம் என்பதால், பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

நகல் கிடைத்தவுடன் முதல் பக்கத்தில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். வழக்கு எண்ணுக்கு முன்னால் ‘எம்.சி.’ என்று இருந்தால் அது பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125இன்கீழ் வந்த ஜீவனாம்ச வழக்கு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது; பழைய 125 இப்போது 144. தொகையை மாற்றக் கேட்கும் பழைய 127 இப்போது 146. உத்தரவை நிறைவேற்றக் கேட்கும் பழைய 128 இப்போது 147. எண் மாறியதால் பழைய உத்தரவு செல்லாமல் போய்விடவில்லை. விவாகரத்து வழக்கோடு சேர்ந்து வந்த உத்தரவாயின் இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 26, சிறப்புத் திருமணச் சட்டத்தின் பிரிவு 38 போன்றவை குறிப்பிடப்பட்டிருக்கும். இவை மைனர் பிள்ளைகளைப் பற்றியே பேசுகின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இன்கீழ் வந்த உத்தரவென்றால், அந்தச் சட்டமும் ‘குழந்தை’ என்பதற்கு 18 வயதுக்குக் கீழானவர் என்றே பொருள் தருகிறது.

அடுத்து, உத்தரவின் கடைசிப் பத்தி. அங்கே இருக்கும் ஓரிரு வரிகள்தான் இந்த விஷயத்தில் பாதிக்கு மேல் தீர்மானிக்கின்றன. ‘2ஆம் மனுதாரர் மேஜராகும் வரை அவருக்கு மாதம் ரூ. 4,000’ என்று தனியாகப் பிரித்து எழுதியிருந்தால், அந்தத் தொகை அந்த நாளோடு நிற்கும். தந்தை தனியாக மனுப் போட வேண்டியதில்லை. ‘திருமணம் ஆகும் வரை’ அல்லது ‘பட்டப்படிப்பு முடியும் வரை’ என்று இருந்தால், மேல்முறையீட்டிலோ திருத்த மனுவிலோ அது மாற்றப்படும்வரை அதுவே செல்லும். மூன்றாவது வகைதான் அதிகம் தகராறு தருவது: ‘மனுதாரர்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் ரூ. 12,000’ என்று தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே தொகையாக எழுதப்பட்டிருக்கும். இதில் பிள்ளையின் பங்கு இவ்வளவு என்று தந்தை தாமே கணக்குப் போட்டு 6,000 மட்டும் அனுப்பத் தொடங்கினால், மீதி 6,000 மாதந்தோறும் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும். குறைக்க வேண்டுமானால் உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே பிரிவு 146இன்கீழ் மனுச் செய்து, சூழ்நிலை மாறியிருப்பதைக் காட்டி, புதிய உத்தரவு பெற வேண்டும். அந்த மனுவில் தாயும் சும்மா இருக்கமாட்டார். விலைவாசி ஏறியிருக்கிறது, தந்தையின் சம்பளம் உயர்ந்திருக்கிறது என்று தம் பங்கை உயர்த்தக் கேட்பார். குறைக்கப் போனவர் கூட்டிக்கொண்டு திரும்புவதும் உண்டு.

தாய்க்கென்று தனியாக வழங்கப்பட்ட ஜீவனாம்சத்துக்கும் பிள்ளையின் வயதுக்கும் தொடர்பில்லை. பிள்ளை மேஜரானதால் மனைவியின் தொகையும் நின்றுவிடும் என்பது தவறான எண்ணம்.

மகன் என்றால்

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால், உடல்நலமுள்ள மகனுக்கு 18 வயதோடு உரிமை முடிகிறது. பிரிவு 144 அப்படித்தான் இருக்கிறது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956 இன் பிரிவு 20உம் மகன் மைனராக இருக்கும்வரைதான் கேட்கலாம் என்கிறது. பதினெட்டு வயதில் ஒரு பையன் பொறியியல் முதலாண்டிலோ பாலிடெக்னிக்கிலோ இருப்பான் என்ற இன்றைய நிலை இந்தப் பிரிவுகளை எழுதியவர்களின் கண்ணில் படவில்லை. விளைவாக, செமஸ்டர் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு எல்லாம் தாயின் தலையில் விழுகின்றன. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். சட்டமன்றங்கள் அடைக்காததால் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு ஒட்டுப்போட்டு வருகின்றன.

அந்த ஒட்டுகளில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டு ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி சுப்ரமணியம் பிரசாத், மகன் மேஜராகிவிட்டான் என்பதற்காகத் தந்தையின் பொறுப்பு தீர்ந்துவிடாது, இல்லையேல் முழுச் சுமையும் தாயின் மேல் விழும் என்று கருதி, மகன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாய்க்கு மாதம் ரூ. 15,000 இடைக்காலத் தொகையாக வழங்க உத்தரவிட்டார். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், இக்காலத்தில் முதல் பட்டமே 18 வயதுக்குப் பிறகுதான் முடிகிறது என்பதைச் சுட்டி, மகன் பட்டம் பெறும்வரை தந்தை கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. இவை அந்தந்த வழக்கின் நிலைமைக்கு ஏற்ப வந்தவை. எல்லா மகன்களுக்கும் பொதுவான உரிமையாக இன்னும் ஆகிவிடவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம்.

ஆகவே மகனின் படிப்புக்கு நடைமுறையில் உதவும் வழி, அவன் பெயரில் கேட்காமல் தாயின் பெயரில் கேட்பதுதான். டெல்லித் தீர்ப்பிலும் பணம் தாய்க்கே வழங்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தாய்க்கு ஏற்கெனவே ஜீவனாம்ச உத்தரவு இருக்குமானால், மகனின் பங்கு நிற்கும் மாதத்திலேயே பிரிவு 146இன்கீழ் தம் தொகையை உயர்த்தக் கோரி மனுச் செய்யலாம். அந்த மனுவில் ‘மகனுக்கு வேண்டும்’ என்று எழுதுவதைவிட, சம்பாதிக்காத ஒரு மாணவனை வீட்டில் வைத்து உணவும் உறைவிடமும் தருவதால் தம் குடும்பச் செலவு எவ்வளவு என்று பட்டியலிடுவது பலன் தரும். கல்லூரி தந்த போனஃபைடு சான்றிதழ், கட்டண ரசீதுகள், விடுதி ரசீதுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம், முதல் பட்டதாரிச் சலுகையோ கல்வி உதவித்தொகையோ கிடைத்தால் அதன் விவரம் ஆகியவற்றை மறைக்காமல் இணைக்க வேண்டும். உதவித்தொகையை மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் மற்றவையும் நம்பப்படாமல் போகும்.

மகள் என்றால்

மகள் விஷயத்தில் நிலைமை வேறு, ஆனால் எந்த வாசலில் நுழைவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 20(3), திருமணமாகாத மகள் தன் சம்பாத்தியத்தாலோ சொத்தாலோ தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதிருக்கும்வரை, அவளைப் பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு என்கிறது. இங்கே வயது வரம்பு இல்லை. 19 வயதிலும் கேட்கலாம், 25 வயதிலும் கேட்கலாம். பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு, திருமணமாகாத மகளுக்கு அவளுடைய திருமணத்துக்கான நியாயமான செலவும் அடங்கும் என்று அதே சட்டத்தின் பிரிவு 3(பி) விளக்குகிறது. இந்தக் கடமை தந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் உண்டு. தாய் நல்ல வேலையில் இருந்தால் பங்கு பிரிக்கப்படும். இந்துக்களோடு பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

ஆனால் பிரிவு 125 அல்லது 144இல் இப்படி ஒரு வரி இல்லை. அங்கே மகளுக்கும் 18தான் எல்லை. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அசோக் பூஷண், ஆர். சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா அமர்வு 2020 செப்டம்பர் 15 அன்று தீர்த்துவைத்தது. ஹரியாணாவிலிருந்து வந்த அந்த வழக்கில், குற்றவியல் நடுவர் பிரிவு 125இன்கீழ் மேஜரான மகளுக்குத் தொகை வழங்க முடியாது, மகள் பிரிவு 20(3)இன்கீழ் தனியாக வழக்குப் போட வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், இரண்டு சட்டங்களின்கீழும் அதிகாரம் பெற்ற குடும்ப நல நீதிமன்றமாக இருந்தால், மகளை இரண்டாம் முறை அலையவிடாமல், தகுந்த வழக்கில் அங்கேயே வழங்கலாம் என்றும் சொன்னது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும். உங்கள் வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கிறது என்றால், மகள் மேஜராகும் முன்பே, பிரிவு 20(3)ஐயும் குறிப்பிட்டு, திருமணம்வரை தொகை தொடர வேண்டும் என்று அதே வழக்கில் மனுச் செய்யலாம். வழக்கு நடுவர் நீதிமன்றத்தில் இருந்தால், அங்கே வாதாடி நாளைக் கழிக்காமல், பிரிவு 20இன்கீழ் உரிமையியல் வழக்கைத் தனியாகத் தொடுக்க வேண்டும். அந்த எல்லைக்குக் குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கேயும், இல்லாவிட்டால் உரிய உரிமையியல் நீதிமன்றத்திலும் அது நடக்கும். மகள் மைனராக இருக்கும்போதே தாயைப் பாதுகாவலராக வைத்து இந்த வழக்கைப் போடுவதற்குத் தடையில்லை. அப்படிப் போட்டு, உடனே இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் மனுக் கொடுத்துவிட்டால், 18 வயதுக்கும் அடுத்த உத்தரவுக்கும் நடுவில் ஒரு ரூபாயும் வராத இடைவெளியைப் பெருமளவு தவிர்க்கலாம். நான் யாருக்கும் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

மகள் பகுதிநேர வேலை பார்த்தாலோ பயிற்சிக் காலத்தில் சிறு தொகை பெற்றாலோ உரிமை போய்விடுமா என்று கேட்பார்கள். சட்டம் கேட்பது ‘சம்பாதிக்கிறாளா’ என்பதை அன்று. ‘தன்னைப் பராமரித்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பாதிக்கிறாளா’ என்பதை. மாதம் 5,000 ரூபாயில் சென்னையில் விடுதி வாடகைகூடக் கட்ட முடியாது என்பதை ரசீதோடு காட்டினால் போதும். முழுநேர வேலையும் நல்ல சம்பளமும் கிடைத்துவிட்டால் உரிமை நிற்கும், திருமணமானாலும் நிற்கும்.

படிப்புச் செலவு பற்றி உச்ச நீதிமன்றம் இரு திசையில் பேசியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு விவாகரத்து வழக்கில், தந்தையோடு எந்த உறவும் வேண்டாம் என்று நின்ற 20 வயது மகள், படிப்புச் செலவை மட்டும் அவரிடம் கேட்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், அயர்லாந்தில் படித்த மகள் பற்றிப் பேசும்போது, பெற்றோரிடம் படிப்புச் செலவைப் பெறுவது மகளின் சட்டப்படி நிலைநாட்டத்தக்க உரிமை என்றது. எனவே தந்தையோடு பேச்சுவார்த்தை அறவே இல்லாத மகள்கள், வாக்குமூலத்திலோ சமரச அறையிலோ கோபத்தில் ‘எனக்கு அப்பாவே வேண்டாம்’ என்று பதிவாகும்படி பேசுவதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

முஸ்லிம் குடும்பங்களில், 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, மணமுறிவு பெற்ற தாயிடம் வளரும் பிள்ளைகளுக்கும் பிரிவு 125இன் உரிமை முழுமையாக உண்டு. மகன்களுக்கு மேஜராகும்வரை, மகள்களுக்குத் திருமணம்வரை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. கிறித்தவக் குடும்பங்களுக்குப் பிரிவு 20(3) போன்ற தனி விதி எதுவும் இல்லாததால், விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும் தாயின் தொகையை உயர்த்தக் கேட்பதும்தான் நம்பகமான வழிகள்.

உழைக்க முடியாத பிள்ளை

பிரிவு 144(1)இன் (சி) கூறு, மேஜரான பிள்ளை உடல் அல்லது மனக்குறையாலோ காயத்தாலோ தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதிருந்தால், மகனானாலும் மகளானாலும், எந்த மதத்தவரானாலும், தொகை தொடரும் என்கிறது. திருமணமான மகள் மட்டும் இதில் விலக்கு. குறை பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும் என்றோ 18க்கு முன் வந்திருக்க வேண்டும் என்றோ அந்தக் கூறு சொல்லவில்லை; 40 சதவீதம் என்ற அளவுகோலும் அதில் இல்லை. அரசு நலத்திட்டங்களுக்கான அந்தச் சதவீதத்தை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். உழைத்துப் பிழைக்க முடியுமா என்பதே கேள்வி. இருந்தாலும் யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனி அடையாள அட்டை), அரசு மருத்துவமனையின் சான்று, சிறப்புப் பள்ளியின் அறிக்கை ஆகியவை வலுவான ஆதாரங்கள்.

இங்கே தாய்மார்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையாக இருந்தாலும், 18 வயதோடு தாயின் இயற்கைப் பாதுகாவலர் நிலை முடிந்துவிடுகிறது. அதன்பின் வங்கியில் கையெழுத்திடவும் நீதிமன்றத்தில் பிள்ளைக்காக நிற்கவும் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் கேட்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இன்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்து அந்த நியமனத்தைப் பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பிறந்தநாள் முடிந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிட்டால், ஜீவனாம்சப் பணம் வங்கியில் முடங்காது.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சொல்லும்போதே, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்று: பணம் பிள்ளையின் மைனர் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால், மேஜரானபின் தாய் அதை இயக்க முடியாது, புதிய கே.ஒய்.சி. படிவமும் பிள்ளையின் கையெழுத்தும் கொடுத்துக் கணக்கை மாற்ற வேண்டும்.

பாக்கித் தொகை

18 வயது நிறைந்ததால் அதற்கு முந்தைய பாக்கி தள்ளுபடி ஆவதில்லை. இதைத் தந்தைமார்கள் சிலர் அறிந்தே மறைக்கிறார்கள். ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். மேலே சொன்ன 2007 செப்டம்பர் 10 பிறந்த மகனுக்கு மாதம் ரூ. 4,000 என்று உத்தரவு. 2025 ஜனவரியிலிருந்து தந்தை கட்டவில்லை. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதத்துக்கு ரூ. 32,000. செப்டம்பரில் 1 முதல் 9 வரை ஒன்பது நாளுக்கு, முப்பதில் ஒன்பது பங்கு என்று ரூ. 1,200. மொத்தம் ரூ. 33,200. ‘ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் முன்கூட்டிக் கட்ட வேண்டும்’ என்று உத்தரவில் இருந்தால், செப்டம்பர் மாதத் தொகை முழுவதும் பிறந்தநாளுக்கு முன்பே சேர வேண்டியதாகிவிட்டது என்று வாதாடவும் இடமுண்டு.

நிறைவேற்று மனுவுக்கு ஒரு கெடு இருக்கிறது. பிரிவு 144இன்கீழ் பிடிவாரண்டு அல்லது ஜப்தி வாரண்டு கேட்டால், தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். ஜனவரி 5ஆம் தேதி சேர வேண்டிய தொகைக்கு அடுத்த ஆண்டு ஜனவரி 5க்குள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். ஓராண்டு கடந்த பாக்கியும் அழிந்துவிடவில்லை என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் விளக்கியிருக்கிறது. அந்தக் கெடு வாரண்டு என்னும் வழிக்குத்தான், உரிமைக்கு அன்று. கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்க முடியும். சிறைக்குப் போய்வந்ததால் பணம் கட்டியதாக ஆகிவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. பிரிவு 20இன்கீழ் பெற்ற உரிமையியல் தீர்ப்பாயின் சம்பளத்தையே ஜப்தி செய்யக் கேட்கலாம். அதில் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்குதான் சட்டப்படி தொட முடியாதது.

மேஜரானபின் பாக்கி மனுவில் தாய் மட்டும் கையெழுத்திட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். தம் பங்குக்குத் தாயும், தன் பங்குக்குப் பிள்ளையும் தனித்தனியே வக்காலத்துக் கொடுத்து ஒரே மனுவாகப் போடுவது பாதுகாப்பானது. உரிமையியல் வழக்கு நடுவில் நிற்கும்போது பிள்ளை மேஜரானால், வழக்கைத் தொடர்வதாக நீதிமன்றத்தில் மனுச் செய்து பாதுகாவலரை விடுவிக்க வேண்டும்; அதன்பின் வழக்குத் தலைப்பில், முன்பு மைனராக இருந்து இப்போது மேஜரானவர் என்று பெயர் திருத்தப்படும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டு, தீர்ப்பு வந்தபின் நிறைவேற்றும் நேரத்தில் திணறுகிறவர்கள் உண்டு.

தந்தையின் பக்கம்

நேர்மையாகக் கட்டிவரும் தந்தையும் இதில் சிக்கிக்கொள்ளக் கூடாது. உத்தரவில் தொகை பிரிக்கப்பட்டிருந்து, மகன் மேஜராகிவிட்டால், கடைசி மாதத்தை முழுமையாகக் கட்டி, எந்தத் தேதிவரை கட்டப்பட்டது என்று எழுத்தில் தெரிவித்து, வங்கிப் பதிவை வைத்துக்கொள்ள வேண்டும். தொகை சேர்ந்தே எழுதப்பட்டிருந்தால், மேலே சொன்னபடி நீதிமன்றத்தைக் கேட்காமல் குறைக்கக் கூடாது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை நேரே கல்லூரியில் கட்டிவிட்டு அதை ஜீவனாம்சத்தில் கழித்துக்கொள்வதும் தவறு. தாய் ஒப்புக்கொண்டு எழுதித் தராவிட்டாலோ நீதிமன்றம் அனுமதிக்காவிட்டாலோ அது பரிசாகக் கருதப்பட்டு, பாக்கி அப்படியே நிற்கும்.

2020 நவம்பர் 4 அன்று நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி அமர்வு வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் போதிய அளவு சம்பாதித்தால் விகிதப்படி பங்கிடலாம் என்று அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகவே தாயின் வருமானத்தைக் காட்டிக் குறைக்கக் கேட்கும் தந்தை, தம் வருமானத்தையும் முழுதாகத் திறந்துகாட்டத் தயாராக இருக்க வேண்டும். ஜீவனாம்சம் நின்றாலும் பிள்ளையின் வாரிசுரிமை நிற்பதில்லை என்பதையும் இரு தரப்பும் நினைவில் கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

இனிமேல் பிரியப் போகிறவர்கள்

பிள்ளை இன்னும் சிறியது, பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு உடன்படிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பவர்களுக்கே எல்லாரையும்விட நல்ல வாய்ப்பு. நீதிமன்றம் தானாகத் தராததையும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதினால், அது தீர்ப்பின் பகுதியாகிக் கட்டுப்படுத்தும். ‘மேஜராகும் வரை’ என்ற வழக்கமான வரியை அப்படியே ஒட்டாமல், ‘முதல் பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ முடியும் வரை, 23 வயதுக்கு மிகாமல்’ என்று எழுதச் சொல்லுங்கள். கட்டணத்தை யார், எந்தத் தேதிக்குள், எங்கே கட்டுவது. நீட் போன்ற நுழைவுத் தேர்வுப் பயிற்சி இதில் சேருமா. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் தொகை உயரும். தாய்க்கு எவ்வளவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு என்பவற்றைத் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ‘பிள்ளைக்கு எதிர்காலத்தில் எதுவும் கேட்கமாட்டேன்’ என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையின் உரிமையைப் பறிக்காது. ஆனால் அந்த வரியைக் காட்டியே பல ஆண்டுகள் வழக்கை இழுத்தடிப்பார்கள், ஆகவே எழுதாதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 இன்படி பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. தாயும் மகளும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். மேஜரான மகனுக்கு மட்டும் வருமான வரம்பு பார்க்கப்படும் என்பதால், அவன் பெயரில் போட வேண்டிய மனுக்களை 18க்கு முன்பே இலவச உதவியோடு தாக்கல் செய்துவிடுவது மேல். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். போகும்போது உத்தரவின் நகல், பிறப்புச் சான்றிதழ், கல்லூரிச் சான்று, கடைசியாகப் பணம் வந்த தேதி தெரியும் வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள்.